சந்திக்க நேரம் கேட்டு எழுதுவது: எந்த வழி, எந்த வாக்கியம்?

முன்பின் பழக்கமில்லாத ஒருவருக்கோ, பொறுப்பில் நம்மைவிட உயர்ந்த ஒருவருக்கோ "தங்களைச் சந்திக்க வேண்டும்" என்று எழுத உட்கார்ந்தால், பலருக்கும் முதலில் வரும் கவலை மரியாதைச் சொற்களைப் பற்றியது. 'மதிப்பிற்குரிய' போதுமா, 'பெருமதிப்பிற்குரிய' வேண்டுமா, 'பணிவன்புடன்' என்று முடிக்கலாமா என்று யோசித்தே பாதி நேரம் போய்விடும். அந்தக் கவலையை வேறு இடத்தில் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. கடிதத்தைப் படிப்பவர் எவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கிறது, எத்தனை முறை பதில் எழுத வேண்டியிருக்கிறது, முடியாது என்று சொல்ல நினைத்தால் சங்கடமில்லாமல் சொல்ல முடிகிறதா? மரியாதையின் பெரும்பகுதி இந்த மூன்று கேள்விகளுக்குள் அடங்கிவிடுகிறது. அடைமொழிகள் அதற்குப் பிறகுதான்.

பேச்சில் மரியாதை எப்படி இயங்குகிறது என்று ஆராய்ந்தவர்களில் பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் இருவரும் முக்கியமானவர்கள். 1978-இல் வெளிவந்து, 1987-இல் தனி நூலான அவர்களுடைய ஆய்வு மூன்று மொழிகளை அடிப்படையாகக் கொண்டது. அவற்றில் ஒன்று தமிழ். ஆங்கிலமும் மெக்சிகோவில் பேசப்படும் செல்தால் மொழியும் மற்ற இரண்டு. ஒரு வேண்டுகோள் கேட்பவர் மேல் எவ்வளவு பாரமாக விழுகிறது என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன என்றார்கள் அவர்கள்: இருவருக்கும் இடையே உள்ள பழக்கத்தின் தூரம், யாருக்கு யார் மேல் அதிகாரம் என்பது, கேட்கப்படும் காரியத்தின் கனம். மூன்றும் கூடக்கூட நாம் கேட்கும் விதத்தில் சுற்றி வளைத்தலும் பணிவும் கூடுகின்றன.

இதில் நேரம் கேட்பவருக்குப் பயன்படும் செய்தி ஒன்று இருக்கிறது. முதல் இரண்டையும் ஒரு கடிதத்தால் மாற்ற முடியாது. அவர் அறிமுகமில்லாதவர், பதவியில் உயர்ந்தவர், அவ்வளவுதான். மூன்றாவதை மாற்றலாம். ஒரு மணி நேரத்தை இருபது நிமிடமாக்கலாம். நேரில் என்பதைத் தொலைபேசியில் என்றாக்கலாம். ஐந்து கேள்விகளை ஒன்றாகக் குறைக்கலாம். சொற்களைக் கனமாக்குவதைவிடக் காரியத்தை இலேசாக்குவதே நல்லது. கீழே வரும் ஒவ்வொரு தேர்வையும் இந்த அளவுகோலை வைத்தே ஒப்பிட்டிருக்கிறேன்.

எந்த வழியில் கேட்பது

நேரில் போய்க் கேட்டால் மறுக்க மாட்டார்கள் என்று சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. மஹ்தி ரோகனிஸாத், வனெஸ்ஸா போன்ஸ் இருவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமில்லாதவர்களிடம் ஒரு சிறு படிவத்தை நிரப்பித் தரக் கேட்டபோது, மின்னஞ்சலில் கேட்டதைவிட நேரில் கேட்டது 34 மடங்கு பலன் தந்தது. ஆனால் அங்கே கேட்கப்பட்டது அந்த இடத்திலேயே முடிந்துவிடும் வேலை. சந்திப்பு அப்படியில்லை. முகத்துக்கு நேரே மறுக்க முடியாமல் 'சரி, வாங்க' என்று சொன்னவர், பிறகு நாட்காட்டியைப் பார்த்துவிட்டு ரத்து செய்யலாம். வற்புறுத்தலில் கிடைத்த நேரத்தில் மனம் விட்டுப் பேசவும் மாட்டார். முன்னறிவிப்பில்லாத தொலைபேசி அழைப்புக்கும் இதே குறை உண்டு. அவர் எங்கே இருக்கிறார், யாரோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்று தெரியாமல் ஒரு முடிவைக் கேட்கிறோம்.

தொலைபேசி சரியாகப் பொருந்தும் இடம் உதவியாளர் இருக்கும் அலுவலகம். அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி "நேரம் கிடைக்குமா?" என்பதல்ல, "சந்திப்புக் கோரிக்கைகளை எப்படி அனுப்பினால் உங்களுக்கு வசதி?" என்பது. உதவியாளர்கள் இந்தக் கேள்வியை விரும்புவார்கள். யாருக்கு எழுதுவது, என்னென்ன விவரம் வேண்டும், எந்த நாட்களில் அவர் இருப்பார் என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். மருத்துவரிடம் நேரம் வாங்குவதும் பெரும்பாலும் இப்படித்தான். தொந்தரவு என்ன, எத்தனை நாளாக, முன்பே அங்கே பார்த்தவரா, புதியவரா என்ற மூன்றையும் சொன்னால் வரவேற்பில் இருப்பவர் எவ்வளவு சீக்கிரம் நேரம் தர வேண்டும் என்று தீர்மானித்துக்கொள்வார்.

மற்றபடி, முதல் கோரிக்கைக்கு மின்னஞ்சல்தான் என் தேர்வு. அவர் தமக்குத் தோதான வேளையில் படிக்கலாம், உதவியாளருக்கு அப்படியே அனுப்பிவிடலாம், ஒரு வாரம் கழித்துத் தேடி எடுக்கலாம். 'பொருள்' வரி என்று ஒன்று இருப்பதால் திறப்பதற்கு முன்பே என்ன கேட்கிறோம் என்று தெரிந்துவிடுகிறது. அந்த வரியை வீணாக்கக் கூடாது. 'வேண்டுகோள்', 'முக்கியம்', 'சந்திப்பு தொடர்பாக' என்பவை எதையும் சொல்வதில்லை. 'ஆய்வேடு குறித்து 20 நிமிடச் சந்திப்பு: ஜூன் 10 அல்லது 12' என்பது பாதிக் கடிதத்தைச் சொல்லிவிடுகிறது.

வாட்ஸ்அப்பைப் பலர் முதல் வழியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஏற்கெனவே பேச்சு நடந்துகொண்டிருந்தாலோ, அவரே எண்ணைக் கொடுத்து 'இதில் சொல்லுங்கள்' என்றிருந்தாலோ அது சரி. எண்ணை வேறு யாரிடமோ வாங்கி அனுப்புவது அப்படியில்லை. ஒருவருடைய கைபேசி எண் அவருடைய வீட்டு வாசல் மாதிரி. 2014 நவம்பரில் வந்த நீல டிக், படித்ததையும் காட்டிக்கொடுக்கிறது. படித்தும் பதில் சொல்லவில்லையே என்ற நெருக்கடி, கேட்காமலேயே அவர் தலையில் ஏறிவிடுகிறது. வாட்ஸ்அப்பில்தான் அனுப்ப வேண்டும் என்றால் எல்லாவற்றையும் ஒரே செய்தியில் அனுப்புங்கள். 'வணக்கம் சார்' என்று மட்டும் அனுப்பிவிட்டு அவர் பதிலுக்குக் காத்திருப்பதும், பிறகு 'ஒரு உதவி' என்பதும், அதற்கும் காத்திருப்பதும் ஒரு கோரிக்கையை நான்கு தொந்தரவாக்குகிறது. முதல் கோரிக்கையைக் குரல் பதிவாக அனுப்புவதையும் தவிர்க்கலாம். கூட்டத்தில் இருப்பவர் அதைக் கேட்க முடியாது, தேதியைத் தேடி எடுக்கவும் முடியாது. நேரம் முடிவான பிறகு, 'வாசலில் இருக்கிறேன்', 'பத்து நிமிடம் தாமதமாகும்' என்று சொல்ல வாட்ஸ்அப்பைவிடத் தோதானது வேறில்லை.

தாளில் எழுதிய கடிதத்துக்கு இன்றும் ஓர் இடம் இருக்கிறது. உள்வரும் தபால் பதிவேட்டில் ஏறினால்தான் கோப்பாகும் என்ற அலுவலகங்களில், பின்னால் சான்று தேவைப்படும் விஷயங்களில், அனுப்புநர், பெறுநர், பொருள், நாள், கையொப்பம் எல்லாம் வைத்த கடிதம்தான் சரி. நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

நாட்காட்டி அழைப்பு என்பது கோரிக்கை ஆகாது. அது ஒப்புக்கொண்டதன் பதிவு. வெவ்வேறு நிறுவனங்களின் நாட்காட்டிச் செயலிகள் ஒன்றின் அழைப்பை மற்றொன்று புரிந்துகொள்ளும்படி 1998-லேயே பொதுவான வடிவம் வந்துவிட்டது. அதனால் யாருடைய நாட்காட்டியிலும் ஓர் அழைப்பைப் போட்டுவிட முடிகிறது. முடிகிறது என்பதற்காகப் போடலாகாது. பல செயலிகளில் அவர் ஒப்புக்கொள்வதற்கு முன்பே அந்த நேரம் தற்காலிகமாக நிரம்பியதாகத் தெரியும். முதலில் கேளுங்கள், சரி என்றதும் அழைப்பை அனுப்புங்கள்.

'இந்த லிங்க்கில் உங்களுக்கு ஏற்ற நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்' என்பதிலும் யார் அனுப்புகிறார் என்பதுதான் கேள்வி. நேரம் தருபவர் அந்த லிங்க்கைக் கொடுத்தால் அது பெரிய வசதி. அதைப் பயன்படுத்தாமல் தனியாகக் கடிதம் எழுதுவதுதான் அங்கே தொந்தரவு. நேரம் கேட்பவரே லிங்க்கை அனுப்பி 'தேர்ந்தெடுங்கள்' என்றால், உதவி செய்பவருக்கே வேலை வைத்ததாகும். சமநிலையில் உள்ளவர்களுக்கிடையே, கடிதத்திலேயே இரண்டு நேரங்களைச் சொல்லிவிட்டு, 'வேறு நேரம் பார்க்க வேண்டுமானால் இதோ' என்று இணைத்தால் தவறில்லை.

தெரிந்தவர் மூலம் போவது எல்லா வழிகளிலும் வலிமையானது, அதனாலேயே கவனம் தேவைப்படுவது. பழக்கத்தின் தூரத்தை ஓரளவு குறைக்கும் வழி இது ஒன்றுதான். ஆனால் இடையில் இருப்பவரின் மதிப்பைக் கடன் வாங்குகிறோம். ஆகவே அவரிடம் "அறிமுகம் செய்து வையுங்கள்" என்பதைவிட, "அவருக்கு விருப்பம் இருக்கிறதா என்று முதலில் கேட்டுச் சொல்ல முடியுமா?" என்று கேட்பது நல்லது. அப்படியே அனுப்பிவிடக்கூடிய நான்கைந்து வரிகளை நாமே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இடையில் இருப்பவர் நமக்காக யோசித்து எழுதும்படி விடுவது அவருக்கும் பாரம், நம் விஷயம் திரிந்துபோகவும் வழி.

நேரத்தை யார் சொல்வது

எனக்குத் தெரிந்து, இந்தக் கடிதங்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான். மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, முழுவதையும் அவரிடமே விடுவது: "தங்களுக்கு எப்போது வசதியோ அப்போது வருகிறேன்." பார்க்க மிகப் பணிவாக இருக்கிறது. படிப்பவர் பக்கத்திலிருந்து பாருங்கள். அவர் நாட்காட்டியைத் திறக்க வேண்டும், காலியான இடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அது நமக்கு ஒத்துவருமா என்று ஊகிக்க வேண்டும், எழுத வேண்டும், நாம் முடியாது என்றால் மறுபடியும் தேட வேண்டும். 'சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒதுக்கிவைப்பார். மாலைக்குள் அதன் மேல் இருபது மின்னஞ்சல் வந்து உட்கார்ந்திருக்கும். பதில் வராத பல கடிதங்களுக்கு அலட்சியம் காரணமாக இருப்பதில்லை. அவை கேட்ட வேலைதான் காரணம்.

இரண்டாம் வழி, ஒரே நேரத்தைச் சொல்லிக் கேட்பது: "புதன் காலை 11 மணிக்கு வரலாமா?" இதற்குச் 'சரி' என்ற ஒரு சொல் போதும். நெருங்கிப் பழகிய சக ஊழியரிடம் இதுவே சிறந்தது. முடியாது என்றால் பேச்சு மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்பது இதன் குறை. உயர்ந்த பொறுப்பில் இருப்பவரிடம் கேட்கும்போது, நேரத்தை நாமே குறித்துவிட்ட தொனியும் வந்துவிடும்.

மூன்றாம் வழி, இரண்டு அல்லது மூன்று இடைவெளிகளைச் சொல்லி, அதற்கு வெளியே போகவும் வாசலைத் திறந்துவைப்பது: "ஜூன் 10 செவ்வாய் அல்லது ஜூன் 12 வியாழன், காலை 10 முதல் 12 மணிக்குள் எந்த இருபது நிமிடமும் எனக்கு ஏற்றது. இவை ஒத்துவராவிட்டால் தாங்கள் குறிப்பிடும் நாளில் வருகிறேன்." பெரும்பாலான நேரங்களில் நான் பரிந்துரைப்பது இதைத்தான். இரண்டாம் வழியின் எளிமையும் முதல் வழியின் பணிவும் ஒன்றாகக் கிடைக்கின்றன. மூன்றுக்கு மேல் கொடுக்க வேண்டாம். ஏழு நேரங்களின் பட்டியலைப் படிப்பதும் ஒரு வேலைதான். பதில் வரும்வரை அந்த நேரங்களை வேறு யாருக்கும் கொடுத்துவிடாமல் வைத்திருக்க வேண்டும். அவர் வியாழன் என்று எழுதிய பிறகு 'மன்னிக்கவும், வியாழன் போய்விட்டது' என்பது கடிதம் சேர்த்துவைத்த மரியாதையை ஒரே வரியில் இழப்பது.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. நேரத்தை ஒரு தனி அலுவலகமே நிர்வகிக்கும் அளவுக்குப் பொறுப்பில் உள்ளவர்களிடம் நாம் நாட்களைச் சொல்வதில் பொருளில்லை. அங்கே முதல் வழியை ஓர் எல்லையோடு எழுதலாம்: "இம்மாதம் 20-ஆம் தேதிக்குள் ஏதேனும் ஒரு நாள் 15 நிமிடம் ஒதுக்கித் தர வேண்டுகிறேன்." அந்த 20-ஆம் தேதி எதனால் என்பதையும் ஓரிரு சொல்லில் சேர்த்தால் நல்லது. காரணமில்லாத கெடு, கட்டளை மாதிரி ஒலிக்கும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் தேதியில் குழப்பம் இருக்கக் கூடாது. திங்கட்கிழமை எழுதும் கடிதத்தில் 'அடுத்த வெள்ளி' என்றால் நான்கு நாளில் வரும் வெள்ளியா, அதற்கு அடுத்ததா என்று இருவர் இருவிதமாக எடுத்துக்கொள்வார்கள். 03/04 என்பது சிலருக்கு ஏப்ரல் 3, சிலருக்கு மார்ச் 4. கிழமையையும் தேதியையும் மாதத்தின் பெயரையும் சேர்த்து எழுதினால் தவறிருந்தாலும் அங்கேயே கண்ணில் படும். '12 மணி' என்று மட்டும் எழுதாமல் 'நண்பகல் 12 மணி' என்று எழுதுங்கள். வேறு நாட்டில் இருப்பவருக்கு இணையவழிச் சந்திப்பு என்றால், அவர் ஊர் நேரத்தை முதலிலும் நம் நேரத்தை அடுத்தும் குறிப்பது அழகு. மார்ச்சிலும் அக்டோபர், நவம்பரிலும் இன்னும் கவனம் வேண்டும். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை முன்னால் தள்ளுகிறார்கள், ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறன்று. நடுவில் வரும் இரண்டு மூன்று வாரங்களில் பழக்கமான கணக்கு ஒரு மணி நேரம் தப்பும்.

காரணத்தை எவ்வளவு சொல்வது

எலன் லாங்கர் குழுவினர் 1978-இல் வெளியிட்ட சோதனை ஒன்று இங்கே உதவும். நகல் எடுக்கும் இயந்திரத்தின் முன் நிற்பவரிடம், தனக்கு முதலில் வழிவிடச் சொல்லி ஒருவர் கேட்டார். 5 பக்கம்தான் என்றபோது, காரணம் சொல்லாமல் கேட்டதற்கு 60 விழுக்காட்டினர் ஒப்புக்கொண்டார்கள். அவசரம் என்று காரணம் சொன்னபோது 94 விழுக்காடு. 'நகல் எடுக்க வேண்டியிருப்பதால்' என்று, காரணம்போல் ஒலிக்கும் வெற்று வாக்கியத்தைச் சொன்னபோதும் 93 விழுக்காடு. 20 பக்கம் என்றதும் கதை மாறியது. காரணமில்லாமல் 24, வெற்றுக் காரணத்துக்கும் அதே 24, உண்மையான காரணத்துக்கு 42.

பழகியவரிடம் ஐந்து நிமிடம் கேட்கும்போது 'ஒரு சின்ன விஷயம் பேசணும்' என்பதே போதுமானதாக இருப்பது இதனால்தான். அறிமுகமில்லாதவரிடம் அரை மணி கேட்கும்போது 'ஒரு முக்கியமான விஷயம் குறித்து' என்பது வெற்றுக் காரணம். யாருக்கு முக்கியம், எதைப் பற்றி, அவரால் என்ன ஆக வேண்டும்? இந்த மூன்றும் இரண்டு வாக்கியத்துக்குள் வர வேண்டும். பத்து வாக்கியத்தில் முழுக் கதையையும் சொல்வது இன்னொரு எல்லை. கதை முழுவதும் கடிதத்திலேயே வந்துவிட்டால் அவர் கடிதத்துக்கே பதில் எழுதிவிடுவார். சில நேரம் அதுவே போதும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டு வரியில் பதில் கிடைக்கும் கேள்வி என்றால் சந்திப்பே கேட்காமல் கேள்வியை எழுதுவதுதான் மிகப் பெரிய மரியாதை.

வெளிப்படையாகச் சொல்ல முடியாத காரணங்களும் உண்டு. சம்பளம், உடல்நலம், சக ஊழியர் பற்றிய புகார் போன்றவை. அங்கே விவரத்தை விட்டுவிட்டு வகையை மட்டும் சொல்லலாம்: "என் பணி தொடர்பாகத் தனியாகப் பேச வேண்டியது ஒன்று இருக்கிறது. அவசரமில்லை, இந்த வாரத்துக்குள் 15 நிமிடம் கிடைத்தால் போதும்." வகை, அவசரம், கால அளவு மூன்றும் வந்துவிட்டன, உள்விஷயம் வெளியே வரவில்லை.

மேலிருந்து கீழே எழுதுபவர்களுக்கும் இது பொருந்தும், இன்னும் கூடுதலாகவே. 'நாளை காலை என்னை வந்து பார்க்கவும்' என்று ஓர் அதிகாரி தம் ஊழியருக்கு மாலை ஆறு மணிக்கு அனுப்பும் ஒரு வரி, அந்த இரவு முழுவதையும் எடுத்துக்கொள்ளும். 'அடுத்த மாத விடுப்புப் பட்டியல் குறித்து' என்று ஐந்து சொல் சேர்த்திருந்தால் அந்த ஊழியர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அதிகாரம் உள்ளவரின் மரியாதை, காரணத்தைச் சொல்வதில் இருக்கிறது.

வாக்கியத்தை எப்படி முடிப்பது

தமிழில் பணிவின் அளவு வினைமுற்றில் இருக்கிறது. 'தெரிவிக்கவும்' என்பது அறிவிப்புப் பலகையின் மொழி. பலர் அதை மரியாதை வடிவம் என்று எண்ணி எழுதுகிறார்கள்; பெறுபவருக்கு அது உத்தரவாகவே கேட்கும். முன்னால் 'தயவுசெய்து' போட்டாலும் அதிகம் மாறுவதில்லை. 'தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்' அலுவலக நடை. தாளில் எழுதும் கடிதத்துக்கும் கோப்பில் ஏறப்போகும் மனுவுக்கும் பொருத்தம். ஆனால் மின்னஞ்சலில் ஒவ்வொரு வாக்கியத்தையும் இப்படி முடித்தால் சுற்றறிக்கையாகிவிடும். 'தெரிவிக்க இயலுமா?' என்பது கேள்வி. 'இயலாது' என்று சொல்லவும் இடம் வைத்திருக்கிறது. 'தெரிவித்தால் உதவியாக இருக்கும்' என்பதில் கேட்பதே தெரியாத மென்மை இருக்கிறது. முதல் கோரிக்கைக்கு இந்தக் கடைசி இரண்டில் ஒன்றையே எடுப்பேன். அதற்காகக் கடிதம் முழுவதையும் மென்மையாகவே எழுதினால் என்ன வேண்டும் என்பதே மறைந்துவிடும். கோரிக்கை வாக்கியம் ஒன்று, தெளிவாக, தனிப் பத்தியில் இருக்கட்டும்.

'தாங்கள்', 'நீங்கள்' இரண்டில் எது என்பதற்கு ஒரே விடை இல்லை. வயதிலும் பதவியிலும் மிக உயர்ந்தவருக்கும் எழுத்துவழி அலுவலகத் தொடர்புக்கும் 'தாங்கள்'. அடிக்கடி பேசும் மேலாளருக்கு 'நீங்கள்' போதும். அங்கே 'தாங்கள்' வந்தால் திடீரென்று விலகி நிற்பதாகத் தோன்றும். ஒரே கடிதத்தில் இரண்டும் மாறிமாறி வருவதுதான் கூடாதது. வேறொரு கடிதத்திலிருந்து வெட்டி ஒட்டியது அதில் வெளிப்பட்டுவிடும்.

மன்னிப்பை ஒரு முறைக்கு மேல் கேட்க வேண்டியதில்லை, பெரும்பாலும் ஒரு முறைகூட வேண்டாம். பிரான்சிஸ் ஃபிளின், வனெஸ்ஸா லேக் இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வுகளில், நேரடியாக உதவி கேட்பவர்கள் பிறர் ஒப்புக்கொள்ளும் வாய்ப்பைப் பாதியளவு வரை குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். நாம் பயப்படும் அளவுக்கு யாரும் மறுப்பதில்லை. 'தங்கள் பொன்னான நேரத்தை வீணாக்குவதற்கு' என்று எழுதும்போது, இந்தச் சந்திப்பு வீண் என்று நாமே சொல்லிக்கொடுக்கிறோம்.

இரண்டு கடிதங்கள்

ஒரு மாணவி பேராசிரியர் ஒருவரிடம் நேரம் கேட்டு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பரவலாகக் காணக்கூடிய வடிவம் இது:

"பெருமதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். தங்கள் பொன்னான நேரத்தில் குறுக்கிடுவதற்கு முதற்கண் மன்னிக்க வேண்டுகிறேன். தங்களைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரு முக்கியமான விஷயம் குறித்துத் தங்களை நேரில் சந்தித்துப் பேச விரும்புகிறேன். தங்களுக்கு எப்போது வசதிப்படும் என்று உடனடியாகத் தெரிவிக்கவும். தங்கள் பதிலை ஆவலுடன் எதிர்நோக்கும்…"

இதில் ஒரு சொல்கூட மரியாதைக் குறைவில்லை. ஆனால் எழுதியவர் யார், எதற்கு, எவ்வளவு நேரம், எப்போது என்ற நான்கும் இல்லை. படித்தவர் 'எது குறித்து?' என்று கேட்டு எழுத வேண்டும். 'உடனடியாக' என்ற ஒரு சொல், மேலே குவித்த பணிவையெல்லாம் கலைத்துவிடுகிறது.

அதே மாணவி இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் சுற்றுச்சூழல் அறிவியலில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கிணற்று நீரின் உப்புத்தன்மை குறித்து ஆய்வேடு எழுதிவருகிறேன். நீர் மாதிரிகளை வாரம் ஒருமுறை எடுப்பதா, மாதம் ஒருமுறை எடுப்பதா என்பதை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. தங்கள் துறை நீண்ட காலமாக நீர்த்தர ஆய்வு செய்துவருவதால் தங்கள் ஆலோசனையை நாடுகிறேன்.

இதற்காக 20 நிமிடம் ஒதுக்கித் தர இயலுமா? ஜூன் 10 செவ்வாய் அல்லது ஜூன் 12 வியாழன், காலை 10 முதல் 12 மணிக்குள் துறைக்கு வர என்னால் முடியும். வேறு நாளோ, தொலைபேசியோ தங்களுக்கு வசதி என்றால் அதற்கும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்போது நேரம் ஒதுக்க இயலாத நிலை என்றால், இது குறித்து யாரை அணுகலாம் என்று ஒரு வரி தெரிவித்தாலும் பெரிதும் உதவும்.

நன்றியுடன்," அதன் கீழே பெயர், கல்லூரி, தொலைபேசி எண்.

இதற்கு 'வியாழன் 10.30' என்று மட்டும் எழுதி முடிக்கலாம். மறுக்கவும் வழி இருக்கிறது, மறுத்தாலும் ஒரு பெயரைக் கொடுத்து உதவிய நிறைவு அவருக்குக் கிடைக்கும். கடைசிப் பத்தி தேவையா என்று சிலர் கேட்பார்கள்; மறுக்கும் வழியை நாமே காட்டுவானேன் என்பது அவர்கள் எண்ணம். அந்த வழி இல்லாதபோது மறுக்க நினைப்பவர் பேசாமல் இருந்துவிடுகிறார். எழுதியவருக்கு மறுப்பைவிட அந்த மௌனம்தான் பெரிய இழப்பு.

பதில் வராவிட்டால்

ஒரு வாரம் பொறுக்கலாம். சொன்ன நாட்கள் அதற்குமுன் வந்துவிடும் என்றால் மூன்று நான்கு வேலைநாள். நினைவூட்டலைப் புதிய கடிதமாக எழுதுவதா, பழைய மின்னஞ்சலுக்கே பதிலாக அனுப்புவதா? பின்னதே மேல். முதல் கடிதம் கீழேயே இருப்பதால் தேட வேண்டியதில்லை. 'எனது முந்தைய மின்னஞ்சல் தங்கள் பார்வைக்கு வந்திருக்குமா எனத் தெரியவில்லை' என்று தொடங்குவதில் மெல்லிய குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. நேராக விஷயத்துக்கு வருவது நல்லது: "ஜூன் 10, 12 இரண்டும் நெருங்கிவிட்டதால், 17 செவ்வாய் அல்லது 19 வியாழன் காலை ஒத்துவருமா என்று கேட்க எழுதுகிறேன்." புதிய நேரத்தோடு வரும் நினைவூட்டலில், தேதி கடந்ததற்கான பொறுப்பு யார்மேலும் விழுவதில்லை.

இரண்டாவது நினைவூட்டலுக்கு வேறு வழியை எடுங்கள். மின்னஞ்சலில் இருமுறை பதிலில்லை என்றால் உதவியாளருக்கோ அலுவலகத்துக்கோ ஒரு தொலைபேசி. அதற்குப் பிறகும் பதில் இல்லையென்றால் நிறுத்திக்கொண்டு வேறு ஒருவரை நாடலாம். சட்டப்படியோ பணிமுறைப்படியோ அவர் பதில் தரக் கடமைப்பட்டவர் என்றால் மட்டும், மேலே சொன்ன தாள் கடிதத்துக்கு மாற வேண்டும்.

'முடியாது' என்று பதில் வந்தால் அன்றே இரண்டு வரியில் நன்றி எழுதிவிடுங்கள். காரணம் கேட்க வேண்டாம். 'சரி' என்று வந்தால் நாள், நேரம், இடம், கால அளவு நான்கையும் திருப்பி எழுதி உறுதிசெய்து, நாட்காட்டி அழைப்பை இப்போது அனுப்பலாம். பேச வேண்டிய இரண்டு மூன்று குறிப்புகளை முந்தைய நாளே அனுப்பிவைத்தால், கேட்ட இருபது நிமிடத்தில் ஐந்து நிமிடம் அறிமுகத்திலேயே போய்விடாது.